குளிரறையில் ஊற்றிய வெந்நீர்

பிழை தொடங்கியது ஒரு திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு. எனக்கு அது தெரிய வந்தது மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு. இடையில் போனது பதினைந்து மணித்தியாலம்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஒஸ்லோவைச் சுற்றியுள்ள இறைச்சிக் கூடங்களில் அண்மையில் சேர்ந்தவர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள், உணவுத் தொழில்நுட்பம் படித்துத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். நான் பதினாறு வருடம் குளிரறைக்குப் பொறுப்பாக இருந்து, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் வருத்தத்தால் ஐம்பத்து நான்கு வயதிலேயே விலகியவள். எத்தனை பாகை இருக்க வேண்டும், எத்தனை தரம் பதிய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் உண்டு. அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் அது வந்ததுமில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியில் சாப்பிடுவது எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறேன். கோயிலில் ஒருத்தி, தேங்காய் உடைக்கிற இடத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டாள்: "உங்களுக்கு வேறை வேலையே கிடைக்கேல்லையோ?" கிடைத்தது. இரண்டு இடத்தில் கிடைத்தது. எனக்கு இதுதான் பிடித்தது.

வெட்டுவது என் வேலையல்ல. தோலுரித்து, இரண்டு பாதியாகப் பிளந்து, மேலே ஓடும் தண்டவாளத்தில் கொளுக்கி போட்டுத் தொங்கவிட்ட பிறகுதான் அது என்னிடம் வரும். வரும்போது உயிருள்ள உடம்பின் சூடு அப்படியே இருக்கும். அந்தச் சூடும் ஈரமும் இருக்கும்வரை பக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அடுத்த நாள் காலைக்கிடையில் சூட்டை இறக்கி, மேற்பரப்பைக் காயவைத்துவிட வேண்டும். குளிர் மட்டும் போதாது, காற்றும் ஓட வேண்டும். பாதிக்கும் பாதிக்கும் இடையில் ஒரு கைமுட்டி போகிற இடைவெளி வேண்டும். நன்றாகக் குளிர்ந்த பாதியின் கொழுப்பில் ஒரு மெல்லிய கடதாசியை ஒற்றினால் அது ஒட்டாமல் கீழே விழும். நான் அந்த வேலையில் கண்ட அழகு அதுதான்.

அந்தத் திங்கட்கிழமை முப்பத்திரண்டு மாடுகள். அறுபத்து நான்கு பாதிகள் இரண்டாம் குளிரறையில் தொங்கின. கோயிலில் கொடியேறி மூன்றாம் நாள். வேலை முடிந்து ரொம்மனில் இருக்கும் வீட்டுக்குப் போய்க் குளித்து, சீலை மாற்றி, மாலைப் பூசைக்குப் போக வேண்டும். புறப்படுமுன் வழக்கம்போல் அறையை எட்டிப் பார்த்தேன். பாதிகளின் கீழே நிலமெல்லாம் இரத்தம் சொட்டிப் பரவியிருந்தது.

இறைச்சி உள்ளே இருக்கும்போது நிலத்தை ரப்பர்ப் பட்டையால் வழித்துத் தள்ளலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது. அது எங்கள் கூடத்தின் கட்டாய விதி. அந்த அறிவித்தலைச் சுவரில் ஒட்டியதே நான்தான். ஆனால் அன்றைக்கு, இரத்தம் கிடக்கிற நிலத்தை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக என்னால் முடியவில்லை. வழித்துப் பார்த்தேன், சிவப்பு மெல்லிய படலமாக நின்றது. மனம் கேட்கவில்லை. வெந்நீர்க் குழாயை இழுத்து வந்து ஒரு கால் மணித்தியாலம் அடித்தேன். நிலம் பளிச்சென்று வந்தது. அறை முழுக்க ஆவி. கதவைச் சாத்திவிட்டு, மனம் நிறைந்து, மூன்று ஐம்பத்தைந்துக்கு வெளியே வந்தேன்.

எங்கள் வீடுகளில் கழுவினால்தான் சுத்தம். குளிரறையில் காய்ந்திருந்தால்தான் சுத்தம். பத்து வருடத்துக்கு மேலாக இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். தெரிந்த விடயம் என்றாலும், கை தன் பழக்கத்துக்குத்தான் முதலில் போகும். உங்கள் கை எந்தப் பழக்கத்துக்குப் போகும் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

செவ்வாய் காலை ஆறு நாற்பதுக்குக் கதவைத் திறந்தேன். வழக்கமாக உள்ளேயிருந்து வரும் காற்றில் வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகள் ஆடும். அன்று அவை ஆடவில்லை. உள்ளே விசிறிச் சத்தம் கேட்டது, ஆனால் முகத்தில் காற்றுப் படவில்லை. சுவர் வியர்த்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அறுபத்து நான்கு பாதிகளும் மழையில் நனைந்தவைபோல் மினுங்கின. கடதாசியை ஒற்றினேன். ஒட்டிக்கொண்டு நின்றது.

சுவரிலிருந்த எண்பலகை இரண்டு பாகை என்று காட்டியது. இருக்க வேண்டிய அதே இரண்டு.

எங்கள் ஆய்வுகூடத்தில் வேலை செய்த நிவேதாவைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை, நுண்ணுயிரியல் படித்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். வந்து எண்பலகையைப் பார்த்தாள்.

"டிஸ்ப்ளே ரெண்டு டிகிரி காட்டுதேக்கா. சென்சாரைப் போன வாரம்தான் செக் பண்ணாங்க."

"பலகையை விடும். இறைச்சியைத் தொட்டுப் பாரும்."

கையுறையோடு தொட்டாள். அவளின் முகம் மாறியது. "என்னக்கா, இப்படிச் சொதசொதன்னு இருக்கு?"

மேற்பரப்பை அளந்தோம். நான்கு பாகைக்குள் இருக்க வேண்டியது எட்டு. இரண்டு பாதிகள் முட்டிக்கொண்டிருந்த இடத்தில் பதினொன்று. பிறகு மேலே ஏணி வைத்து ஏறிக் குளிர்விக்கும் இயந்திரத்தைப் பார்த்தேன். தகடுகளின் மேல் மெத்தைபோல் பனிக்கட்டி மூடியிருந்தது. வெப்பநிலையை அளக்கும் உணரி அந்தக் கட்டிக்குப் பின்னால் அடைபட்டு, அங்கே தேங்கிய காற்றின் குளிரைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏணியில் நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. நான் எழுப்பிய ஆவிதான் மேலே போய், தகடுகளில் உறைந்து, விடிவதற்குள் காற்றுப் போகிற வழியை அடைத்திருந்தது.

இறங்கினேன். நிவேதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டும், எழுதுகிறேன்: நான் உடனே சொல்லவில்லை.

அப்போது எனக்கிருந்த பயம் வேலையைப் பற்றியதல்ல. முப்பத்திரண்டு உயிர். அவற்றைக் கொன்றாகிவிட்டது. சாப்பிடத்தான் கொன்றோம் என்று ஒரு நியாயம் இருந்தது. என் கோயில் அவசரத்தால் அத்தனையும் எரிக்கிற இடத்துக்குப் போனால் அந்த நியாயமும் இல்லை. மறுபக்கம், எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு விடவும் முடியாது. அதில் பாதிக்கு மேல் அரைத்த இறைச்சியாகப் போவது. வெள்ளிக்கிழமைகளில், வார இறுதிச் சாப்பாடாக, இந்த நகரத்துப் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். என் பிள்ளைகளும்தான்.

ஏழு மணிக்கு வெட்டுத் தொடங்கும். ஏழு நாற்பதுக்கு அன்றைய முதல் சூடான பாதி குளிரறைக்கு வந்துவிடும். மேற்பார்வையாளர் தாரியே வாசலில் வந்து நின்றார். உயரமான, நல்ல மனிதர். அவசரம் வந்தால் காது கேட்காது.

"மீற்றர் இரண்டு என்கிறது," என்றார். "உன் கை மீற்றரைவிடக் கெட்டிக்காரியா?"

"இன்றைக்கு ஓம்," என்றேன். நோர்வேஜிய மொழியில் பேசும்போதும் பதற்றத்தில் எனக்கு ஓம்தான் வரும். "வெட்டத் தொடங்க வேண்டாம், தாரியே. ஒரு மாடுகூட."

"வெளியில் முப்பது மாடு நிற்கிறது!"

"நிற்கட்டும். தண்ணியும் வைக்கோலும் வையுங்கள். உயிரோடு நிற்கிற மாட்டில் ஒன்றும் பெருகாது."

சிவப்பு அட்டையை எடுத்துத் தண்டவாளத்தில் கொழுவினேன். வெட்டை நிறுத்தும் அதிகாரம் எனக்கிருந்தது. அன்றுவரை அதை ஒரு தரமும் பாவித்ததில்லை. தாரியே அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இனி என்ன செய்வது? ஒன்றாம் குளிரறை நல்ல நிலையில் இருந்தது. அதில் வெள்ளிக்கிழமை வெட்டிய இருபது பாதிகள், முழுதாகக் குளிர்ந்து, ஒன்பது மணி லொறிக்குத் தயாராக நின்றன. திரும்பி வந்த தாரியே, அறுபத்து நான்கையும் உடனே அதற்குள் தள்ளு என்றார். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் குளிர்காலத்தில் பஸ்ஸுக்குள் ஏறியவுடன் மூக்குக்கண்ணாடி எப்படிப் புகைமூடும் என்று உங்களுக்குத் தெரியும். இளஞ்சூடான ஈரப் பாதிகள் உள்ளே வந்தால் அந்த இருபதின் மேலும் அப்படித்தான் தண்ணீர் படியும். அறுபத்து நான்கைக் காப்பாற்றப் போய் எண்பத்து நான்கையும் கெடுத்திருப்போம்.

"முதலில் இருபதும் லொறியில் ஏற்றும் அறைக்குப் போகட்டும். அதன் கதவைச் சாத்திய பிறகுதான் இதைத் திறப்போம்," என்றேன்.

"அதற்கு நேரம் இல்லை!"

"அவசரப்பட்டால்தான் நேரம் இல்லை."

நான் அப்படி ஒரு வார்த்தை சொல்வேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு கொஞ்சம் தைரியம் வந்தது.

பாதிகளைத் தள்ளுவதில் எங்களுக்குள் கெட்டிக்காரர் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர், அறுபத்தைந்து வயது, தோளெல்லாம் இரும்பு. அவரும் நிவேதாவும் நானும் இன்னும் நான்கு பேரும் தள்ளினோம். நிவேதாவின் வெள்ளை மேலங்கி ஐந்து நிமிடத்தில் வேறு நிறமாகிவிட்டது.

"டொக்டரம்மா, மாட்டைப் பின்னுக்கு நிண்டு தள்ள வேணும். முன்னுக்கு நிண்டால் அது உம்மைத் தள்ளும்," என்றார் அன்ரன் அண்ணை.

"நான் டாக்டர் இல்லண்ணா. எங்க ஊர்ல நின்னு போன பஸ்ஸையே தள்ளியிருக்கேன்."

"பஸ்ஸுக்குக் கொழுப்பு இல்லைப் பிள்ளை, இது வழுக்கும்."

சிரித்தோம். அந்தக் காலையிலும் சிரித்தோம். இருபதும் போன பிறகு, ஈரப் பாதிகளை ஒவ்வொன்றாக ஒன்றாம் அறைக்குள் கொண்டுபோய், கைமுட்டி இடைவெளிக்குப் பதில் இரண்டு முட்டி இடைவெளி விட்டுத் தொங்கவிட்டோம். விசிறிகளை முழு வேகத்தில் வைத்தேன். அன்ரன் அண்ணை ஒரு பாதியை விரலால் தடவி, பிசுபிசுப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, ஒருக்காத் தண்ணி அடிச்சுக் கழுவிவிட்டா இந்தப் பிசுபிசுப்புப் போயிடும் என்ன?"

"தண்ணியாலதான் அண்ணை இவ்வளவும் வந்தது!"

கத்திவிட்டேன். அவர் கையை எடுத்தார்.

"என்ன தண்ணி? ஆர் ஊத்தினது?"

நான் ஒரு பாதியின் கொளுக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நான்தான். நேற்று மூண்டு நாப்பதுக்கு. கோயிலுக்குப் போற அவசரத்திலை நிலத்தைக் கழுவினனான். வெந்நீர்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை பாரும். நான்தான் கழுவினது எண்டு சொல்லுறன். எனக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தால் என்ர கணக்குத் தீர்ந்திடும். உங்கடை ஆக்களுக்கு அந்த வசதி இல்லைத்தானே."

அந்த மனிதரின் மனதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அவரின் உதவி எனக்குப் பயன்படாது. அதற்குக் காரணம் நேர்மை என்று சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ள விரும்பவில்லை. எனக்குக் கழுவிய நேரம் தேவைப்பட்டது. எத்தனை மணிக்கு ஆவி எழுந்தது, எவ்வளவு நேரம் அடித்தது, கதவை எப்போது சாத்தியது: இந்த மூன்றும் தெரிந்தால்தான் குளிர் எப்போது நின்றது என்று கணக்கிட முடியும். அவை தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

தாரியேயிடம் போய்ச் சொன்னேன்.

"நீயா? அந்த அறிவித்தலை ஒட்டியதே நீதானே!"

"ஓம். எழுத்துப்பிழை பார்த்து ஒட்டினேன்."

அவர் ஏச வாயெடுத்து, ஏசாமல், ஒரு கதிரையில் இருந்துவிட்டார். "சரி. இப்போது என்ன?"

இப்போது என் கொப்பி. பதினொரு வருடமாக ஒவ்வொரு காலையும் ஆறு நாற்பதுக்கு, முதலில் தொங்கியது, நடுவில் தொங்கியது, கடைசியில் தொங்கியது என்று மூன்று பாதிகளின் தொடையில், எலும்புக்குக் கிட்ட ஆழமாக ஊசியை விட்டு அளந்து, கையால் எழுதி வைப்பேன். கணினியில் எல்லாம் பதிவாகும்போது இது எதற்கு என்று எல்லாரும் பகிடி பண்ணுவார்கள். தங்கச்சி மாட்டுக்குச் சாதகம் குறிக்கிறா என்பார் அன்ரன் அண்ணை. எனக்கு இரட்டைத் தரம் பார்க்காவிட்டால் நித்திரை வராது. பிள்ளைகள் பாடசாலை போனால் பஸ் ஏறிவிட்டார்களா என்று யன்னலில் நின்று பார்க்கிற அதே வருத்தம்தான்.

மேற்பரப்பு இந்த நிமிடத்து நிலைமையைத்தான் சொல்லும். தொடையின் ஆழம் அப்படியல்ல. அங்கே சூடு மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே எத்தனை மணித்தியாலம் ஒழுங்காகக் குளிர்ந்தது என்பதை அது வைத்திருக்கும். குளிர் தொடக்கத்திலேயே நின்றிருந்தால் அங்கே இருபத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். நாங்கள் அந்தக் காலை அளந்தபோது பதினாறு, பதினாறு, பதினாறரை. முழுதாகக் குளிர்ந்த நாட்களில் அந்த நேரத்துக்குப் பதினான்கு என்று பதினொரு வருடக் கொப்பி சொன்னது. நிவேதா ஒரு தாளில் வளைகோடு கீறினாள், அழித்தாள், திரும்பக் கீறினாள்.

"குளிர் இல்லாம இருந்தது ரெண்டு மணி நேரம்க்கா. மிஞ்சிப் போனா மூணு. காலையில நாலு மணி வரைக்கும் ஓடியிருக்கு."

"நிச்சயமோ?"

"கோடு நிச்சயம். உங்க எண்களைத்தான் நம்பணும்."

எங்களிடம் நாளாந்தம் இருக்கும் மிருக வைத்தியர், இறைச்சியை விடுவதா எரிப்பதா என்ற முடிவு தன் கையில் இல்லை என்று மூத்த மிருக வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். கண்டிப்புக்குப் பேர்போன பெண்மணி. நான் எல்லாவற்றையும் சொன்னேன், வெந்நீர் உட்பட.

"எல்லாவற்றையும் பூட்டி வை," என்றார் கடைசியில். "துடைத்து எடுக்கும் மாதிரிகள் நல்லவையாக வந்தாலும் எனக்குப் போதாது. ஒரு உள்ளங்கை இடத்தைத் துடைத்துவிட்டு முழு மாட்டையும் பற்றிப் பேச முடியாது. எவ்வளவு நேரம் குளிர் இல்லாமல் இருந்தது என்று எனக்குக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறேன்."

பதினொரு மணிக்கு மேற்பரப்பு மூன்றரைக்கு வந்தது. கடதாசியை ஒற்றினேன். விழுந்தது. அன்ரன் அண்ணை குனிந்து எடுத்து, அதைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்தார். முட்டிக்கொண்டிருந்த இடங்களைக் கத்தியால் செதுக்கி எடுத்தோம். பனிக்கட்டி உருகி, கழுவிக் காய்ந்த இரண்டாம் அறை ஒரு மணிக்குத் தயாரானது. சிவப்பு அட்டையை நானே கழற்றினேன். வெட்டுத் தொடங்கியது.

மூன்று நாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. பதினேழு வயது மகள், அவசரமாக ரொட்டியில் வெண்ணெய் பூசியபடி சொன்னாள்:

"அம்மா, ஸ்லாப் ஆவ், கொஞ்சம் ஆறுதலா இருங்கோ. நீங்கள் சாப்பிடாத சாமானுக்கு ஏன் இவ்வளவு அழுகை?"

"நான் சாப்பிடாததாலைதான். நீ சாப்பிடுறாய் எண்டு எனக்குத் தெரியும்."

கத்தி நின்றது. "எப்ப இருந்து தெரியும்?"

"ஆறாம் வகுப்பில இருந்து."

அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தோளில் தலையைச் சாய்த்தாள். பிறகு பஸ்ஸுக்கு ஓடினாள். நான் யன்னலுக்குப் போனேன்.

அந்த மூன்று நாளும் நான் ஒன்றுதான் செய்தேன். கொப்பியில் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து, மூன்று நாற்பது முதல் நடந்ததை நிமிடக் கணக்கில் நோர்வேஜிய மொழியில் எழுதினேன். நிலத்தை ஏன் கழுவினேன் என்பதையும் எழுதினேன். அதை அந்த மொழியில் எழுதுவது மிகவும் கடினம். இரத்தம் கிடக்கக் கோயிலுக்குப் போக முடியவில்லை என்று எழுதினேன். அதற்குமேல் விளக்கவில்லை.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஆய்வுகூடத்திலிருந்து நிவேதா ஓடி வந்தாள். காலணி ஒன்று கழன்றது, அதை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா! கவுண்ட் எல்லாம் நார்மல்! வழக்கமான வாரத்தைவிடக் கம்மிக்கா!" என்று என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். தாரியே தூரத்தில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். நான் கையை உயர்த்தவில்லை. வர வேண்டியவர் இன்னும் வரவில்லையே.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு அந்த மூத்த மிருக வைத்தியர் வந்தார். நரைத்த கட்டை மயிர், கையில் தாள்கள் செருகிய ஒரு மட்டை. யாரோடும் கதைக்காமல் அறுபத்து நான்கையும் சுற்றி நடந்தார். ஆறு பாதிகளைத் தானே தெரிவுசெய்து, தொடை மூட்டுக்குள் கத்தியை விட்டு, இழுத்து, மணந்து பார்த்தார். ஆழத்தை அளந்தார். பிறகு என் கொப்பியைக் கேட்டு வாங்கி, குளிரறைக்குள் நின்றபடியே பதினொரு வருடத்தையும் புரட்டி, திங்கட்கிழமைப் பக்கத்தில் நின்று, இரண்டு தரம் வாசித்தார். அன்ரன் அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து நின்று நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார்.

வைத்தியர் மட்டையிலிருந்து ஒரு தாளை உருவி எடுத்தார்.

"இது அழிப்பு உத்தரவு," என்றார். "காருக்குள் இருந்து எழுதிக்கொண்டுதான் வந்தேன். கையெழுத்து மட்டும்தான் மிச்சம்." தாளை நான்காக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் தள்ளினார். "வெந்நீரை ஊற்றியது நீ என்று நீயே எழுதாமல் விட்டிருந்தால், இந்தக் கொப்பியில் ஒரு எண்ணைக்கூட நான் நம்பியிருக்க மாட்டேன். அறுபத்து நான்கும் விற்பனைக்குப் போகலாம்."